ஓம் என்பது மந்திரமல்ல

ஷ்லீரனில் பெட்டி அடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ரயில் பாதையோரமாகச் சூரிச் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஒரே இடத்தில் ஆறு மாதம் நின்றால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும்.

ஷாஃப்ஹவுசன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பேசினாள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து அங்கே படுத்திருந்த அண்ணையின் சட்டைப்பையில் என் எண் இருந்ததாம். அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. விசா இல்லாமல் நான் வந்து சேர்ந்த குளிர்காலத்தில் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தவர்.

"உங்கள் அண்ணன் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் மந்திரம் சொல்கிறார். யோகா வகுப்பில் சொல்வோமே, அது," என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். "அது மந்திரமில்லை. எங்கள் ஊர்த் தமிழில் ஓம் என்றால் ஆம். ஜெர்மனில் 'யா'."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "குளிர்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார். நான் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டேன்."

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மருத்துவர் முடிவெடுக்கப் போகிறாராம். பதில் சொல்லாதவருக்குப் பயிற்சி நிற்கும். முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணைக்கு வயது ஐம்பத்தாறு. நான் ரயில் ஏறினேன்.

கொரோனாவின் இரண்டாம் வருடம். பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. அவள் வெளியே வந்தாள். முகக்கவசம் அணிந்த கறுப்பினப் பெண், அமெரிக்கா அவள் ஊர். இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டிதான். அதனால் நன்றாகப் புரிந்தது. கறுப்பினத்தவருக்கென்று தொடங்கிய ஒரு கல்லூரியில் படித்தவளாம். கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியபோது, வீட்டில் இணையம் இல்லாத மாணவர்கள் கல்லூரியின் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடியே, பேச்சு வராத பிள்ளைகளுக்குத் திரைவழியே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சோதனைத் தாளை எடுக்க முன்னர் பிள்ளையின் தாய்க்கு அழைத்து, உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்கவேண்டும். அதுதான் முதல் பாடம். ஏனென்றால் அந்தத் தாள்கள் கறுப்பினத்தவருடைய வீட்டுப் பேச்சையே பிழை என்றன.

"இங்கே என்னைப் பார்த்து 'உண்மையான பயிற்சியாளர் எப்போது வருவார்' என்று கேட்கிறவர்கள் உண்டு," என்றாள், மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. "அப்படிப்பட்ட நானே வீட்டுக்கு அழைக்காமல் எழுதிவிட்டேன்."

ஏழாம் வகுப்போடு நின்ற எனக்குக் கல்லூரி என்றால் மதிலும் மணியும்தான். ஆனாலும் அந்தக் கல்லூரி எனக்குப் பிடித்துப்போனது.

அண்ணையின் அறை கீழ்த்தளத்தில். அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். நான் புல்லில் நின்றேன்.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

"ஓம்."

"என்னோட கோவமோ?"

"ஓம்."

"போன் எடுக்கேல்லை எண்டோ?"

"ஓம்."

"சரி, இனி எடுக்கிறன். நான் நல்ல வேலைக்காரன்தானே, அண்ணை?"

அவர் வாய் கோண நெடுநேரம் முயன்றார். "இ... இல்லை."

நான் ஒவ்வொன்றையும் ஜெர்மனில் சொல்ல, சிரித்துக்கொண்டே அவள் தாளில் 'ஆம்', 'இல்லை' இரண்டையும் எழுதினாள். ஆனால் மருத்துவர் முன்னால் ஜன்னல் வழியாகக் கத்த முடியாது. உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்றாள். வாசல் கதவில் பார்வையாளருக்குத் தடை என்ற அறிவித்தலின் கீழே இன்னொன்றும் ஒட்டியிருந்தது: துப்புரவுக்கு ஆட்கள் உடனே தேவை.

உடனே போய் வேலை கேட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குத் துப்புரவாளரின் நீலச் சட்டை தந்தார்கள். பத்து மணிக்கு அண்ணையின் கட்டிலடியில் நிலம் துடைக்கும் மொப்போடு நின்றேன். மருத்துவர் கேட்டார், அண்ணை ஓம் என்றார், நான் "யா" என்றேன். மருத்துவர் என்னையும் மொப்பையும் பார்த்தார். பயிற்சியாளர் தன் தாளை நீட்டி விளக்கினாள். இன்னும் எட்டு வாரம் பயிற்சி என்று எழுதினார்கள். எனக்குக் குளியலறை கழுவ மிச்சமிருந்தது, அங்கே போனேன்.