பங்கிராஸ் மூணு தடவை அடைச்ச ஓட்டை

எங்க வீட்டுக்காரர் பங்கிராஸுக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது. கோயில்ல பூசை நடக்கும்போதே பெஞ்சு ஆடுதான்னு அசைச்சுப் பாக்குற ஆளு. கல்யாணமான புதுசுல, கால்ல சக்கரம் கட்டுன மனுசன்கிட்ட மாட்டிக்கிட்டமேன்னு நான் அழுதிருக்கேன். தேவாரத்துல ஒரு லேத்துப் பட்டறை, உத்தமபாளையத்துல ஒரு மோட்டார் கடை, அப்புறம் மலை தாண்டி கொச்சிப் பக்கம் ஃபைபர் படகு செய்யுற எடம். எங்கயும் நிலைக்கல. கொச்சியில மேஸ்திரியோட மல்லுக்கட்டிட்டு வந்து சேந்தாக. கொண்டாந்தது கொஞ்சம் மலையாளமும் படகு ஒட்டுற கைவேலையும்தான். இந்தச் சீமையில படகுக்கு எங்க போறது? கம்பத்துல ஒரு செட்டைப் போட்டு, எஸ்டேட் ஜீப்புக்கு ஃபைபர் கூரை போடுறதும் ஒடஞ்ச தண்ணித் தொட்டியை ஒட்டுறதுமாக் காலம் ஓடுது.

அப்படி இருக்கையிலதான் மாரிசெல்வம் அணையில காணாமப் போனான். மலையடிவாரத்து அணை அது. அங்கன ஞானதுரை மீன் குத்தகை எடுத்திருக்காரு, மாரிசெல்வம் அவருகிட்ட வலை போடுற ஆளு. சாயங்காலம் தனியாப் பரிசல்ல போனான். மறுநா பரிசல் மட்டும் கரை ஒதுங்கிக் கெடந்துச்சு. தீயணைப்புக்காரக வந்து முங்கி முங்கித் தேடினாக, ஒண்ணும் அம்புடல. அடியில பழைய மரமெல்லாம் நிக்குது, அதுல சிக்குனா ஒடம்பு மேல வராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

ஊரு சும்மா இருக்குமா? அன்னைக்குக் காலையில அவனுக்கும் பொண்டாட்டி ஹேமாவதிக்கும் நடந்த சண்டை தெருவுக்கே தெரியும். பரிசலைத் தள்ளி விட்டுட்டுக் கேரளா ஜீப்புல ஏறிட்டான்னு கெளப்பி விட்டாக. நாக்குல நரம்பில்லாத சனம். இதுல கொடுமை என்னன்னா, அதை எல்லாரையும் விட ஓங்கிச் சொன்னது அவனைப் பெத்த இருளம்மாள்தான். எம்மகன் சாகல, இவ வாய்க்குப் பயந்து ஓடிட்டான்னு மருமகளை வச்சுக்கிட்டே சொல்லுச்சு.

ஹேமாவதி எங்க செட்டுக்கே வந்துட்டா. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிட்டு என்னால இருக்க முடியாதுண்ணே, இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சாகணும்னா. எங்க வீட்டுக்காரர் மேக்கொண்டு ஒரு வார்த்தை கேக்கல. கொச்சியில பழகுன ஆளுக்கு அப்பவே போனைப் போட்டு, சோனார் பெட்டி ஒண்ணை இரவலா ஜீப்புல வரவழைச்சாக. தண்ணிக்குள்ள சத்தத்தை அனுப்பி, அது எதுல பட்டுத் திரும்புதுன்னு திரையில படமாக் காட்டுற பெட்டி. தண்ணியில முங்கி அந்தச் சத்தத்தை அனுப்பி வாங்க அதுக்கு ரெண்டு கட்டை, டிரான்ஸ்டியூசர்னு பேரு. ஒண்ணு நேராக் கீழ பாக்கும், இன்னொண்ணு ரெண்டு பக்கமும் பாக்கும்.

மொதல்ல அதை மூங்கிக்கம்புல கட்டித்தான் பாத்தாக. அணைக்காத்து தெரியும்ல, படம் பேயாட்டம் ஆடுச்சு. மரம் எது கல்லு எதுன்னு தெரியல. ஞானதுரை படகோட பின்பலகையில திருகினாத்தான் நிக்கும்னு ஆகிப்போச்சு. அந்தப் பலகையிலயா, முன்னாடி யாரோ மீன் பாக்குற மிஷினை மாட்டிக் கழட்டி, ஸ்க்ரூ ஓட்டை ஓட்டையா விட்டு வச்சிருக்கான். புது ஸ்க்ரூவும் அதே எடத்துலதான் விழும், பிடிக்காது. ஓட்டை வழியாத் தண்ணி வேற உள்ள எறங்கி, ஃபைபருக்கு நடுவுல இருக்கிற மரம் ஊறிக்கெடக்கு. பழைய ஓட்டையை அடைக்காம புதுசு போட மாட்டேன்னுட்டாக இவுக.

படகைக் கரையில இழுத்துப் போட்டு, ஓட்டையைத் துளைச்சுச் சுத்தம் பண்ணி, காய வச்சு, உள்பக்கம் டேப்பை ஒட்டி, ரெசின் பசையையும் வெள்ளைப் பவுடரையும் சப்பாத்தி மாவு மாதிரி குழைச்சுத் திணிச்சாக. அது இறுக அரை நாளாகும். அரை நாளு! இந்த மனுசனுக்கு அரை நிமிசமே பெருசு. படகைச் சுத்திச் சுத்தி வந்தாக. ஹேமாவதியும் மாமியாளும் காலையிலருந்து கரையிலயேதான் கெடந்தாக. சோத்தைக் கொண்டு போய் நீட்டினேன், நின்னுக்கிட்டே ரெண்டு வாய் தின்னுட்டு, துரு ஏறாத ஸ்க்ரூ வாங்கப் போறேன்னு உத்தமபாளையத்துக்கு வண்டியை எடுத்துட்டாக.

திரும்பி வந்து பாத்தா, அடைச்சதெல்லாம் பேந்து கெடக்கு. ரெசின் கடைக்காரனுக்குப் போனைப் போட்டு, பழைய சரக்கை என் தலையில கட்டிட்டியான்னு கிழிச்சு எடுத்துட்டாக. பாவம், அந்த ஆளு. மறுபடி வழிச்சு, மறுபடி குழைச்சு அடைச்சாக. கை கழுவ மதகுப் பக்கம் போயிட்டு வந்தா, திரும்பவும் அதே கதை. இவுகளுக்கு மூஞ்சி செவந்து போச்சு.

அப்பத்தான் பாத்தேன். படகு ஓரமாக் குத்த வச்சிருந்த இருளம்மாள் கையை முந்தானைக்குள்ள சுருட்டி வச்சிருந்துச்சு. கையைப் புடிச்சு இழுத்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பசை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நீயெல்லாம் பெத்தவளா, மகனை எடுக்க விடாம பண்ணுறியேன்னு வாயில வந்தபடி கேட்டுப்புட்டேன். அது கையை இழுத்துக்கிடல. என்னைப் பாத்து மெதுவாத்தான் சொல்லுச்சு.

"இது காயாமயே இருக்கட்டும் தாயி. அந்தப் பெட்டி பாக்காத வரைக்கும், எம்மகன் ஏதோ ஒரு எஸ்டேட்டுல டீ குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

பின்னாடி நின்ன இவுகளும் கேட்டுட்டாக. கத்தப் போறாகன்னு நெனைச்சேன். கையில இருந்த பசை பூசுற தகட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திக்கிட்டே நின்னாக.

ஹேமாவதிதான் வந்து பக்கத்துல உக்காந்தா. பசையைக் கரைக்கிற தின்னர்ல துணியை நனைச்சு, மாமியா வெரலை ஒண்ணொண்ணாத் தொடச்சா. அவ்வளவு பேச்சு வாங்கினவ, ஒரு கடுஞ்சொல்லு சொல்லல.

"நான் திட்டினது நெசந்தான் அத்தை. அதுக்கு ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு, அம்புட்டுத்தான். ஒங்ககிட்டச் சொல்லாம அவரு கம்பம் சந்தைக்குக்கூடப் போனதில்ல. அவரு ஓடிப்போற ஆளா? நீங்களே சொல்லுங்க."

கடைசி வெரலையும் தொடச்சு முடிக்கிற வரைக்கும் இருளம்மாள் தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு இவுககிட்ட, "பூசுப்பா"ன்னுச்சு. மூணாந்தடவை அடைச்சதுக்குப் பொழுது சாயுற வரைக்கும் அதுவே காவல் இருந்துச்சு. கரையில மேஞ்ச ஆடு கிட்ட வந்தாத் துண்டை வீசி வெரட்டுச்சு.

காலையில கல்லாட்டம் இறுகியிருந்துச்சு. சின்னதா ஓட்டை போட்டு, தண்ணி புகாத பசையைத் தடவி, ரெண்டு டிரான்ஸ்டியூசரையும் படகு அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரி முறுக்கினாக. மோட்டார் கெளப்புற நுரை பட்டாப் படம் கெட்டுப் போகுமாம், அதுக்காக அதை விட்டுத் தள்ளித்தான் வச்சாக. ஞானதுரை மோட்டாரைப் புடிக்க, இவுக திரைக்கு முன்னாடி உக்காந்தாக. உழவு ஓட்டுற மாதிரி படகு போறதும் வாறதுமா இருந்துச்சு. கரையில நாங்க மூணு பேரும் நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. நான் செபமாலையை எடுத்தேன், பாதியில கணக்கு விட்டுப் போச்சு.

வெயில் ஏறுன பெறகு, மரம் முங்கியிருக்கிற பக்கம் மோட்டார் சத்தம் நின்னுச்சு. இவுக எந்திரிச்சு நின்னாக. திரையைக் குனிஞ்சு பாத்தாக. அந்த எடத்துக்கு அடையாளமாக் கயிறு கட்டின கேனைத் தண்ணியில போட்டுட்டு, தலையில கையை வச்சு அப்படியே உக்காந்துட்டாக. இத்தனை வருசத்துல இந்த மனுசன் அசையாம உக்காந்து நான் பாத்ததே இல்ல. கரையில இருந்த எங்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கல.

இருளம்மாள் மெல்ல நடந்து வந்து மருமக தோளைப் புடிச்சுச்சு.

"எங்கயும் போகலடி ஒம்புருசன். இங்கனதான் இருந்திருக்கான்."

இத்தனை நாளும் கண்ணுல தண்ணி விடாத ஹேமாவதி, அதைக் கேட்டப்புறந்தான் வாய்விட்டு அழுதா.