பூண்டு மணத்த பீர்

செல்வாம்பாளுக்கு அந்த வேலை கிடைத்தபோது முதலியார்பேட்டையில் அவள் குடியிருந்த சந்தில் யாரிடமும் அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஓட்டலில் கழுவுகிற வேலை என்று மட்டும் சொல்லி வைத்தாள். அது பொய்யும் இல்லை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பழைய பிரெஞ்சு வீட்டை மாற்றிக் கட்டிய ஓட்டல் அது. அதன் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற எவர்சில்வர் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசிவிடுவாள். அந்தத் தொட்டிகளில் காய்ச்சியது பீர் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

காரணம் அவள் புருஷன் ராமலிங்கம்தான். மில்லில் தறி ஓட்டியவன். மில் மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவன் சாராயக் கடைக்குப் போனான். ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து பிழைத்து வந்தான். அனுப்பும்போது டாக்டரம்மா செல்வாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே ஒரு வாய் குடிச்சாலும் கஷ்டம்மா. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அன்றே ராமலிங்கம் மகள் பூவிழியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

சத்தியத்தை அவள் நம்பாமல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் அவன் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்துவாள்.

"எங்க, ஊதுங்க."

ஆரம்பத்தில் அவனுக்கு அவமானமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. சில நாள் வேண்டுமென்றே அவள் நெற்றியில் பூவென்று ஊதிவிட்டு, "போதுமா, இன்னும் வேணுமா?" என்பான். பூவிழி உள்ளேயிருந்து சிரிப்பாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை.

பீர் காய்ச்சுகிற இடத்தில்தான் வேலை என்பதை ராமலிங்கத்திடம் ஒருநாள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவன் சிரித்தான். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டான்.

"வேணாம்னா நின்னுடறேங்க" என்றாள்.

"நின்னுட்டு? புள்ளைக்கு நர்சிங் யார் படிக்க வெப்பா, நானா?"

ஓட்டல் முதலாளி ஹரிகிருஷ்ணன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் பிரான்சில் படித்து, அமெரிக்காவில் சில வருஷம் பீர் காய்ச்சிப் பழகிவிட்டு ஊருக்கு வந்தவர். ஓட்டலில் எல்லோருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா. அவர் காய்ச்சியதன் பெயர் 'இந்தியா பேல் ஏல்'. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய பீர், கெடாமல் இருக்க ஹாப்ஸ் பூவை நிறையப் போட்டதால் கசக்கும் என்று ஒருமுறை அவளுக்கு விளக்கினார்.

"நம்ம நாட்டுப் பேரு வெச்சிருக்கு. நம்ம ஊரு ஆளு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்களே முசியே" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹாப்ஸ் கொடியில் பூக்கிற பூவாம். அவள் பூவாகப் பார்த்ததில்லை. பொடித்து இறுக்கிய பச்சை உருண்டைகளாக, மாட்டுத் தீவனம் மாதிரி வரும். பையைப் பிரித்தால் கிச்சிலிப்பழத் தோலை நசுக்கிய வாசனையும், மாங்காய்க் காம்பை ஒடித்தால் வடிகிற பாலின் வாசனையும் கலந்து அடிக்கும். நல்ல வாசனைதான். ஆனால் கொதித்து, புளித்து, அவள் புடவையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். ஓட்டலிலேயே சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு கிளம்பிப் பார்த்தாள். அப்படியும் ராமலிங்கத்தின் மூக்குக்குத் தப்பவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கோபமில்லை என்று அவளுக்குத் தெரியும். விட்டொழித்த ஒன்றை இவளே தினமும் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், அவன் அதோடு மல்லுக்கட்டுகிறான்.

இரண்டாயிரத்து எட்டு தொடக்கத்தில் ஹாப்ஸுக்கு எங்கு பார்த்தாலும் தட்டுப்பாடு. ஹரிகிருஷ்ணன் கேட்ட ரகம் கிடைக்கவில்லை. வேறொரு ரகத்தை அனுப்பிவிட்டார்கள். பையைக் கத்தரித்தவர் முகம் சுளித்து அவளைக் கூப்பிட்டார்.

"செல்வாம்பாள், இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"பூண்டு உரிச்ச கை மாதிரி இருக்குது முசியே. வெங்காயத்தாளும் இருக்குது."

"பூவைக் கொடியிலேயே ரொம்ப நாள் விட்டுட்டா இப்படி ஆயிடும். அமெரிக்காவில சிலபேருக்கு இதுதான் பிடிக்கும், கறியோட குடிப்பாங்க. இங்க என்ன சொல்வாங்களோ." கையில் இருந்ததைக் கொட்டிவிட மனசில்லாமல் அதையே போட்டுக் காய்ச்சினார்.

அந்த வாரம் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனதும் ராமலிங்கம் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னா, ஓட்டல்ல இன்னிக்குக் கறிக்குழம்பா? வாசலுக்கே வாசனை வருது."

அவள் கையை முகர்ந்து பார்த்தாள். பூண்டும் வெங்காயமும்தான். மதுவின் வாடையே தெரியவில்லை. அன்று அவன் முகத்தைத் திருப்பாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அந்தக் கெட்டுப்போன பூவை அனுப்பியவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டலில் நிலைமை வேறு. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்கள். "வெங்காயம் நறுக்குன கத்தியைப் போட்டுக் கலக்குனீங்களா?" என்று ஒருவர் சத்தமே போட்டார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் மட்டும் வறுத்த வஞ்சிரத்தோடு நன்றாக இருக்கிறதென்று கேட்டு வாங்கிக் குடித்தார். நாளாக ஆக வாடை ஏறிக்கொண்டே போனது. ஹரிகிருஷ்ணன் கடைசியில் கலைவாணனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றிவிடச் சொன்னார். அதைச் சொன்னவர் அங்கே நிற்காமல் போய்விட்டார்.

கலைவாணன் அங்கே மூட்டை தூக்குகிறவன். அவனும் ராமலிங்கத்தோடு ஒரே மில்லில் இருந்தவன்தான். செல்வாம்பாளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் ராமலிங்கம் வெளியே போய்விட்டு வந்து, அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஊதினான். வெங்காய வாடை.

"என்னாத்தத் தின்னீங்க?"

"கடையில சூடா வெங்காயப் பக்கோடா போட்டான். வாய் கேக்கல."

"எனக்கும் புள்ளைக்கும் ரெண்டு வாங்கியாரணும்னு தோணலையா?" என்று செல்லமாக அவன் தோளில் தட்டினாள். தட்டிய கையிலும், தொட்டியைத் தேய்த்ததில் ஏறிய அதே வாடை. அவனுடையதா, தன்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை.

அடுத்து வந்த வாரங்களில் அவன் பேச்சு கலகலப்பாகிவிட்டது. மில் காலத்துக் கதையெல்லாம் சொன்னான். பிறகு சோர்ந்துபோனான். காலில் வீக்கம் தெரிந்தது. வெயில் காலம், தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை என்று அவள் மோர் கரைத்துக் கொடுத்தாள். கண் மஞ்சளாக இருக்கிறதென்று பூவிழிதான் முதலில் சொன்னாள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்தார்கள்.

அதற்குள் ஒரு காலையில், பல் விளக்கப் போனவன் குழாயடியில் உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆட்டோவில் அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் கோரிமேட்டு ஏற்றம் வரைக்கும் அவளுடைய புடவையைப் பிடித்த கையை அவன் விடவில்லை.

"குடிச்சாராம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். தினம் நான் ஊதச் சொல்லிப் பாக்கறேன். ஒரு சொட்டு தொடல" என்றாள். அவர் நம்பாத மாதிரி பார்த்தபோது அவளுக்குக் கோபமே வந்தது. "என் மூக்கு பொய் சொல்லாதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பிற்பகலில் கொஞ்சம் நினைவு திரும்பியபோது ராமலிங்கம் அவளைப் பார்த்து, "கலைகிட்ட சண்டை போடாத புள்ள" என்றான். எதற்காக அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏதோ பிதற்றல் என்று எண்ணி, "சரிங்க, போடல" என்று அவன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் போய்விட்டான்.

கலைவாணன் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்றான். காரியம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பீரை நான் ஊத்தல. கேன்ல புடிச்சுகிட்டுப் போயிட்டேன். பழைய மில்லு ஆளுங்க நாலு பேரு எங்க வீட்டுக் கொல்லையில உக்காந்து குடிச்சோம். அண்ணன் அந்தப் பக்கமா வந்தாரு. டாக்டரே பீர் குடிக்கலாம்னு சொல்லிட்டாராம், சாராயம்தான் கூடாதாம்னு அண்ணன் சொன்னாரு. நான் நம்பிட்டேன்க்கா. பொறவு தினம் வர ஆரம்பிச்சிட்டாரு. வீட்டுக்குத் தெரியாதான்னு கேட்டேன். 'அவ மேலயே இந்த வாடைதான், எப்படிக் கண்டுபுடிப்பா'ன்னு சிரிச்சாரு."

பக்கோடா என்று சொல்லிக்கொண்டு அவன் ஊதிய அந்த முதல் நாள், தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதுதான் செல்வாம்பாளுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

"சிரிச்சாரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"சரி, நீ போ. உங்கிட்ட சண்டை போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு." அவன் படியிறங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வேலைக்கு மறுபடி போய்ப் பார்த்தாள். வேறு ஹாப்ஸ் வந்துவிட்டிருந்தது. அந்தப் பழைய வாடை எதுவும் இல்லை. இருந்தாலும் தொட்டிக்குள் தலையை விட்டால் மூச்சு முட்டியது. நின்றுவிட்டாள். ஹரிகிருஷ்ணன் வீடு தேடி வந்து காரணம் கேட்டபோது, உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் காய்ச்சியதைக் குடித்துத்தான் ராமலிங்கம் செத்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். பூவிழியின் படிப்பு நிற்கவில்லை.

வருஷம் திரும்பி ராமலிங்கத்துக்குப் படையல் போட்டார்கள். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள். அவன் அக்கா கமலவேணி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிராந்திக் குவார்ட்டரை எடுத்தாள். உறவுக்காரர்கள் செல்வாம்பாளின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவன் ஆசைப்பட்டதை வெக்காம எப்படிடி? ஆத்மா சுத்திக்கிட்டுக் கெடக்கும்" என்றாள் கமலவேணி.

பூவிழி கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வாம்பாள் மகளின் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"வெச்சிடுங்க அண்ணி. மூடியை மட்டும் தொறக்காதீங்க."

கமலவேணி பாட்டிலை இலை ஓரத்தில் வைத்தாள். பூவிழி கற்பூரத்தைக் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டு முடித்ததும், செல்வாம்பாள் வந்தவர்களுக்கு இலை போடச் சமையலறைக்குப் போனாள்.