அவர் கிளச்சு, நான் கியர்

கடல் ஊருக்குள் வந்த அன்று, ஒரு மதிலுக்கும் அடித்து வந்த வள்ளத்துக்கும் நடுவில் என் கணவரின் வலக்கை அகப்பட்டது. உயிர் தப்பியது. கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் கலியாணக் கார் ஓடுவது. இனி என்ன செய்வதென்று இருவரும் குழம்பிப்போய் இருந்தோம். ஆறுதல் சொல்ல வந்த சனம் இன்னும் குழப்பிவிட்டுப் போனது.

கார் காத்தான்குடி முதலாளி ஒருவருடையது. அண்ணன் முறையில் இவர் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். பழைய அமெரிக்கக் கார். கதவு இரண்டுதான், மூக்கு மட்டும் கட்டில் நீளம். ஆரையம்பதியில் ஸ்டார்ட் பண்ணினால் சத்தத்தில் அங்கே புளியந்தீவில் பிள்ளை முழிக்கும் என்று பகிடி பண்ணுவார்கள். அந்த நாட்டு முறைப்படி ஸ்டியரிங் இடப்பக்கம், கியர்க் கம்பு அவருக்கு வலப்பக்கம். இருக்கிற கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் கியரை யார் மாற்றுவது?

"தானா மாறுற ஓட்டோ கியர் பூட்டுவம் தம்பி. ஒத்தக் கையே காணும்" என்றார் முதலாளி.

இவர் துள்ளினார். "அது நாம கார ஓடுறதில்ல காக்கா, கார் நம்மள ஓடுறது!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏறு புள்ள."

சைக்கிள்கூட ஓடத் தெரியாதவள் நான். அவர் கிளச்சை மிதித்து "ரெண்டு!" என்பார், நான் கம்பை இழுக்க வேண்டும். மேலே எது, கீழே எது, நடுவில் ஒன்றுமில்லாமல் ஆடுகிற இடம் எதற்கு? அம்மாளே, ஒரு மண்ணும் விளங்கவில்லை. ரெண்டு என்றால் நாலில் போட்டேன். கார் இருமிவிட்டு நின்றது.

"ரெண்டு கேட்டா ரெண்டத் தா புள்ள!"

"கத்தாதீங்க! கம்பில இலக்கமெல்லாம் தேஞ்சு கிடக்கு. நான் என்ன சாத்திரமா பாக்கிற?"

பின் சீட்டில் இருந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் சிரித்துச் சிரித்து மாலையைக் கசக்கிவிட்டார்கள். சோதனைச் சென்றியில் நின்ற ஆமிக்காரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யார் டிரைவர் என்று விளங்காமலே போகச் சொன்னான். போகப்போக எஞ்சின் முனகும்போதே அவர் வாய் திறக்குமுன் என் கை மாற்றிவிடும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்கு அந்த முன் சீட்டு புளிக்கவேயில்லை. வீட்டில் நாங்கள் சண்டைதான் பிடிப்போம். காரில் மட்டும் சொல்லாமலே எங்களுக்குள் எல்லாம் நடக்கும். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று நான் அம்மாளுக்கு நேர்ந்துகூட வைத்திருந்தேன்.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. அதுவரை மூடிக் கிடந்த உன்னிச்சைப் பக்கமிருந்தும் கலியாண ஓட்டம் வந்தது. முதலாளி கொழும்பிலிருந்து ஓட்டோ கியர்ப்பெட்டி ஒன்றைக் கராஜில் இறக்கிவைத்து எங்களைக் கூப்பிட்டு, "இப்ப என்ன சொல்றாய் தம்பி?" என்றார்.

இவர் துள்ளுவார் என்று காத்திருந்தேன்.

"பூட்டுங்க காக்கா" என்றார்.

அவரை வெளியே இழுத்து வந்து, "உங்களுக்கு என்ன பேயா புடிச்சிரிக்கு?" என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "எத்தின கலியாண வீட்டுக்குப் போயிருப்பாய்? ஒரு வீட்டுலயாவது ஆறுதலா இரிந்து ஒரு வாய் சோறு திண்டியா? என்ட கை போச்செண்டு உன்ட கையையும் நான் எடுத்து வச்சிரிக்கன். போதும்."

"நான் கேட்டனா உங்களிட்ட? எனக்கு ஆறுதலும் வேணாம், சோறும் வேணாம். அந்தச் சீட்டுத்தான் வேணும்!"

கராஜுக்குள் வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சீட்டு எங்க போகுது? மறுகாலும் அதிலயே வந்து இரி" என்றார், எனக்கு ஏன் கோபமென்று விளங்காமல்.

பெட்டியைப் பூட்டி முடித்ததும் காரை ஓடிப் பார்க்கப் போனோம். அதே சீட்டில் போய் இருந்தேன். கார் வெண்ணெய் மாதிரிப் போனது, பொய் சொல்லக் கூடாது. காத்தான்குடி தாண்டியதும் எஞ்சின் முனகியது. என் கை கம்புக்குப் போனது. அதற்குள் கார் தானே மாற்றிக்கொண்டுவிட்டது.

"சுகமா இரிக்கா?" என்றார்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"என்னத்துக்குப் புள்ள அழுறாய்?"

எனக்கே தெரிந்தால்தானே சொல்ல. கண்ணைத் துடைத்துவிடப் பார்த்தார், ஸ்டியரிங்கை விட ஏலவில்லை. என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.