குப்புற வைத்த ரிசீவர்

மின்சாரப் புகார் அறையில் அவளுக்குப் பெயர் ‘பொறுமை அக்கா’. அந்தப் பெயரை வைத்தவர்களுக்குப் பழைய கதை தெரியாது. ஒரு காலத்தில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கரண்ட் போனதற்கு அவள் பிறப்பை இழுத்துத் திட்டிய ஒருவனை நார்நாராகக் கிழித்ததில், வேலையே போயிருக்க வேண்டியது. கணவன் விட்டுப்போன வீட்டில் அவளும் மகளும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த வழியைப் பழகினாள். எதிர்முனையில் வசவு தொடங்கியதும் ரிசீவரை மேசைமேல் குப்புற வைப்பாள். தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தக் குளிர்ச்சியை மட்டும் கவனித்தபடி மூச்சை மெல்ல விடுவாள். தோள் இறங்கியதும் ஒரு மடக்கு குடித்துவிட்டு ரிசீவரை எடுத்து, “சொல்லுங்க சார்” என்பாள். அதற்குள் கத்தினவனுக்கும் தொண்டை வற்றியிருக்கும். நல்ல ஏற்பாடுதான். மகளிடம்கூட எரிந்து விழுவதை விட்டிருந்தாள். “பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க, நீங்க இந்த ரூமையாவது ஆளுங்கக்கா” என்று லைன்மேன் கிண்டல் செய்வான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகல். காலையிலிருந்து போன் ஓயவில்லை. அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மணி அடித்தது.

“புகார் அறை, சொல்லுங்க.”

“ஏம்மா, ஆஃபீஸ்ல ஆள் இருக்கீங்களா இல்லையா? நாங்க செத்தாத்தான் வருவீங்களா?”

அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து பல வாயில் கேட்டிருந்தாள். மின்விசிறி நின்றாலே அதைத்தான் கேட்பார்கள். ரிசீவரைக் குப்புற வைத்தாள். அன்றைக்குச் சேர்ந்த எரிச்சல் அதிகம், மூச்சும் கொஞ்சம் நீண்டது. மறுபடி எடுத்தபோது லைன் கட்டாகியிருந்தது. வாயை விடாமல் தப்பித்தோம் என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு சாப்பிட்டாள்.

சாயங்காலம் செய்தி வந்தது. ஒரு சந்தில் கம்பி அறுந்து மழைத்தண்ணீரில் விழுந்திருக்கிறது. அதைக் கடந்து வீட்டுக்கு வந்த ஒரு பெண் இறந்துவிட்டாள். அந்தக் குரல் உடனே நினைவுக்கு வந்தது. இல்லை, அது வேறு யாரோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி நம்பவும் பார்த்தாள்.

சில நாள் கழித்து ஒருவர் வாசலில் வந்து நின்றார். மனைவி பெயரிலிருந்த இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வந்தவர். அவள் அப்போது போனில், “புகார் அறை, சொல்லுங்க” என்று பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை காத்திருந்து, “அன்னிக்கு மழையில போன் எடுத்தது நீங்கதானேம்மா?” என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினாள். அவர் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தாள். ஓங்கியிருந்தால் தேவலை.

“நான் கோபத்துல கத்தலம்மா, பயத்துல கத்தினேன். அவ எதிர்வீட்டுப் படியில நின்னுட்டிருந்தா, நடுவுல தண்ணி, அதுல கம்பி. அசையாதன்னு சொல்லிட்டு, உங்ககிட்ட தெரு பேரு, கம்ப நம்பர் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன நிறுத்தச் சொல்லிட்டிருக்கீங்கன்னு நெனச்சு காத்திருந்தேன்.” கையிலிருந்த மின்கட்டண அட்டையைப் பார்த்தார். “நிறுத்திட்டாங்க, வந்துடுன்னு நான்தான் அவளக் கூப்பிட்டேன்.”

பெயர் மாற்றத்துக்குப் போக வேண்டிய பக்கத்து அறையைக் கையால் காட்டினாள். அவர் போனார்.

மணி அடித்தது. எடுத்ததுமே எவனோ அவள் குடும்பத்தை இழுத்துத் திட்ட ஆரம்பித்தான். டம்ளர் பக்கத்தில் நிறைந்தபடி இருந்தது. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, “எந்தத் தெரு சார், முதல்ல தெருவச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.