இன்னும் ஓராண்டு தங்குவதற்கு

நோங்காய் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற புவாலையின் வாழ்க்கைக்குள் ஆர்விட் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. நார்வேக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெட்டையான மனிதர். அவளுடைய வேனை ஷேர் வண்டி என்று நினைத்துக் கைகாட்டி நிறுத்தி, பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். பள்ளி வாசலில் இறங்கியபோது டீச்சர் கேட்டாள்: “அக்கா, இவர எந்த வகுப்புல சேக்கறது?”

புவாலை விதவை. பிள்ளை குட்டி கிடையாது. மறுநாளும் அவர் கைகாட்டினார். அந்த ஆண்டு மழை விடுவதற்குள் அவள் வீட்டுக்கே பெட்டியோடு வந்துவிட்டார். கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்று அவர்தான் ஒருமுறை பேச்செடுத்தார். அதற்குத் தூதரகத்துக் காகிதம் வேண்டும், பாங்காக் வரை போக வேண்டும். “இந்த வயசுல யாருக்குக் காட்ட?” என்று சொல்லி அவள்தான் தட்டிக் கழித்தாள்.

விசா விஷயம் முழுக்க அவர் பொறுப்பு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமென்றால் எட்டு லட்சம் பாட் வங்கியில் முன்கூட்டியே போய்ப் படுத்திருக்க வேண்டும். புதுப்பித்த பிறகும் சில மாதம் தொடக்கூடாது. அதற்கப்புறமும் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. “அது தூங்கற பணம், எழுப்பக்கூடாது” என்பார்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருகிற பணத்துக்கு இனிமேல் வரி என்ற பேச்சு கிளம்பியது. ஆற்றங்கரை பீர்க்கடையில் உட்காரும் வெள்ளைக்காரர்களுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. அவர்களில் டெரெக் என்ற ஆங்கிலேயன்தான் பெரிய வாய். “எல்லை தாண்டினா மூணுல ஒரு பங்கை உருவிடுவான். எல்லாத்தையும் அங்கயே போட்டு வை” என்று ஓதினான். ஆர்விட் பயந்துபோனார். ஊரிலிருந்து பணம் வரவழைப்பதை நிறுத்தினார். தூங்குகிற பணத்தை எழுப்பிச் சாப்பிட ஆரம்பித்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். வங்கியில் மிஞ்சியிருந்ததில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது.

விசா முடியப் போகிற சமயத்தில் புவாலை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டினாள்.

“பெரியம்மா, இது எப்பவோ கோட்டுக்குக் கீழ போயிருக்கே. இத வச்சு நீட்டிக்க முடியாது.”

“அவரு ஊர்ல பணம் இருக்கும்மா. படுத்துட்டாரு, அதான் வரல.”

“இருக்கலாம். நாங்க பாக்கறது இதத்தானே. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“பொண்டாட்டி.”

“பதிவு பண்ணியிருக்கா?”

புவாலை பாஸ்புக்கைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “பயணம் பண்ண முடியாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம். அதுக்குள்ள பணத்துக்கு வழி பண்ணுங்க” என்றாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கிடைத்தது. ஆனால் பணம் நார்வேயில் கிடந்தது. அதைத் திறக்கும் ரகசிய எண் ஆர்விட்டின் தலைக்குள் எங்கோ புதைந்திருந்தது. இடக்கையால் அவர் தட்டிய எண்களெல்லாம் தப்பாகி, போனும் பூட்டிக்கொண்டது. டெரெக்கை இழுத்து வந்து நார்வே வங்கிக்குப் பேச வைத்தாள். கணக்கு வைத்திருப்பவரே பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஆர்விட்டின் காதில் போனை வைத்தாள்.

“சொல்லு கிழவா. மெதுவா சொல்லு.”

அவர் கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். “வேண்டாம்” என்றார். “வேண்டாம், வேண்டாம்.” அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பணம் வந்தால் எவ்வளவு வரி போகும் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று வரி அலுவலகத்துக்கும் ஒரு நடை போனாள். குமாஸ்தா கேட்டார்: “எப்ப சேத்த பணம்?”

“பழசு ஐயா. அவங்க ஊர்ல வீடு வித்தது. என்னைப் பாக்கறதுக்கும் முன்னாடி.”

“அப்படின்னா புது விதிக்கு முந்தின பணம். அதுக்கு வரி கிடையாதேம்மா. யார் உங்கள பயமுறுத்தினது?”

அவள் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகளை ஏற்ற நேரமாகும் வரை ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். முன்பே இந்தக் குமாஸ்தாவிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆர்விட்டின் மகள் மாரித்தை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தது டெரெக்தான். அப்பனும் மகளும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. “பணத்தை எடுத்து அனுப்பச் சொல்லு. அவர நான் பாத்துக்கறேன்” என்று புவாலை கெஞ்சினாள். மாரித் பணம் அனுப்பவில்லை, தானே வந்தாள். நல்ல பெண். அப்பாவின் முதுகில் இருந்த படுக்கைப் புண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊரில் ஆஸ்பத்திரி உண்டு, பயிற்சி கொடுக்க ஆள் உண்டு, அடுத்த வருடம் விசா என்ற கவலை இல்லை என்றாள். கூடப் போகிற செவிலிக்கும் ஏற்பாடு செய்திருந்தாள். டெரெக் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லப் புவாலைக்கு மறுக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஆர்விட் கட்டில் சட்டத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்” என்றார். அந்தச் சொல் அன்றைக்குத்தான் அதன் பொருளிலேயே வந்தது. மகள் பேசினாள், செவிலி பேசினார். பிடி விடவில்லை. கடைசியில் புவாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ முன்னாடி போ கிழவா. ஸ்கூல் லீவு விட்டதும் நானும் வந்துர்றேன். விசாக்கு எழுதிப் போட்டாச்சு.”

எழுதவே இல்லை. அவளிடம் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

உடோன் விமான நிலையம் வரை அவளே வேனை ஓட்டினாள்.

அவர் போன பிறகு பொய்யை மெய்யாக்கப் புறப்பட்டாள். பாஸ்போர்ட் வாங்கினாள், நார்வே தூதரகத்தில் விசாவுக்கு எழுதிப் போட்டாள். வங்கியில் என்ன இருக்கிறது, அந்த மனிதருக்கு நீ என்ன உறவு, திரும்பி வருவாய் என்று எப்படி நம்புவது என்று அங்கேயும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தாள், வேனின் பத்திரத்தைக் கொடுத்தாள். விண்ணப்பம் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாரித் போனில் அவரைக் காட்டுவாள். முதலில் எல்லாம் புவாலையைக் கண்டதும் நேரில் வந்துவிட்டாளோ என்று அவர் கண் மாரித்துக்குப் பின்னால், அறைக் கதவைத் தேடும். இப்போது திரையை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். “கோவமா கிழவா?” என்று கேட்கிறாள். மாரித் போனை வேறு பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். இரண்டாவது விண்ணப்பத்தைப் புவாலை போன வாரம் போட்டிருக்கிறாள்.