நீலக் கவருக்குள் இருந்த கை

எங்கள் காலேஜ் எங்களைப் பொய் எழுத வைத்துத்தான் டிகிரி கொடுத்தது. நாலு வருஷம் மெக்கட்ரானிக்ஸ் படித்த எங்கள் செட்டில் ஒருத்தர்கூட லேபில் இருந்த ரோபோ கையைத் தொட்டதில்லை. ஆனால் எல்லோருடைய ரெக்கார்ட் நோட்டிலும் அதை ஓட்டியிருக்கிறோம். பத்துக்குப் பத்து மார்க்.

அந்த லேபை நினைத்தால் முதலில் வருவது நீல வெளிச்சம்...

ரோபோ மேல் நீல பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கும். மத்தியானம் மூணு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக அதில் விழுந்தால் சுவர், பெஞ்ச், எங்கள் முகம் எல்லாம் தண்ணிக்கு அடியில் இருப்பது மாதிரி நீலமாகிவிடும். ஹார்பர் பக்கமிருந்து உப்புக்காத்து வரும். தூரத்தில் ஏதாவது ஒரு கப்பல் ஊதும். பிராக்டிகல் கிளாஸ் அப்படியே மிதந்து போகும்.

பிராக்டிகல் என்றால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. ரீடிங்கில் கடைசி எண்ணை மட்டும் மாத்திக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம்.

கேட்காமல் இல்லை. லேப் அசிஸ்டன்ட் சங்கரன் அண்ணாச்சி இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டுவார். "தொடைக்கதுக்குத்தான்டே எனக்குச் சாவி. ஓட்டுததுக்கு ஹெச்.ஓ.டி. சொல்லணும்."

ஹெச்.ஓ.டி. சார், "உப்புக்காத்துல போர்டு போயிரும்பா. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்" என்பார்.

என் பெஞ்ச் அந்தோணிக்குத்தான் அவசரம். கடலோரத் திரேஸ்புரத்துக்காரன். அப்பா சங்கு குளிக்கிறவர், கடலுக்கடியில் மூழ்கி எடுப்பார். ஃபைனல் இயரில், சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனி ஆள் எடுக்கப்போவதாகத் தெரிந்தது. எழுத்துப் பரீட்சை முடிந்ததும் ரோபோவை நேரில் ஓட்டிக் காட்டணுமாம்.

"அப்பாவுக்கு ஒரு காது போச்சுல. இனி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு இந்த வேலை கிடைச்சாத்தான் அவரு கரையில இருப்பாரு."

ரோபோவைத் தரமாட்டார்கள். சரி... அவனையே ரோபோ ஆக்கினோம்.

நீலக் கவருக்கு முன்னால் அந்தோணி முழங்கையை மடக்கி நிற்பான். என் கையில் ஜியாமெட்ரி பாக்ஸ். அதுதான் பென்டன்ட், ரோபோவை ஓட்டுகிற ரிமோட். "ஜாயின்ட் ரெண்டு, பிளஸ்" என்பேன். தோள் மெதுவாக ஏறும். "ஜாயின்ட் அஞ்சு, மைனஸ்." மணிக்கட்டு இறங்கும். மோட்டார் சத்தம்கூட வாயாலேயே விடுவான்.

"ஏலே, பேய் கீய் பிடிச்சிட்டா இவனுக்கு?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்பார்.

"சர்வோ மோட்டார் அண்ணாச்சி. ஒரு டீ ஊத்துனா இன்னும் நல்லா ஓடும்" என்பேன்.

பிறகு நான் ரோபோ, அவன் ஆபரேட்டர். அந்த நீலத்துக்குள் கை தானாக மிதக்கிற மாதிரி இருக்கும்... நிஜமாகவே ஏதோ கற்றுக்கொள்கிறோம் என்று நம்பினோம்.

பென்டன்டுக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் பிடித்திருந்தால்தான் ரோபோ அசையும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று இல்லை. நான்தான் சொன்னேன்.

"நல்லா இறுக்கிப் பிடில. விட்டா நின்னுரும்."

அப்பா தண்ணிக்குள் இருக்கும்போது வள்ளத்தில் கயிறு பிடித்துப் பழகிய கை அவனுக்கு. பாக்ஸ் மூடியே நெளிந்துவிட்டது.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கவரைக் கழட்டினார்கள். அண்ணாச்சி ஒரு பச்சை பட்டனை அமுக்க, கை ஒரே ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். சாயங்காலம் திரும்பக் கவர். "இன்ஸ்பெக்‌ஷன்தான் முடிஞ்சிட்டே சார்?" என்று அந்தோணி கேட்டான். "அடுத்தது வரும்லாப்பா" என்றார்.

எழுத்துப் பரீட்சையில் இரண்டு பேரும் பாஸ். கார் கம்பெனி ஆலையில் அவன் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவன் ஸ்விட்சை இறுக்கிப் பிடித்தான். ரோபோ அசையவில்லை. இன்னும் இறுக்கினான். அசையவே இல்லை. விரலெல்லாம் வெளுத்துப்போனது தெரிந்தது. அந்த ஸ்விட்சை விட்டாலும் ரோபோ நிற்கும், இறுக்கினாலும் நிற்கும். நடுவில், பாதி அழுத்தத்தில் பிடித்தால்தான் ஓடும். அது எனக்கும் அப்போது தெரியாது.

"நெக்ஸ்ட்" என்றார்கள்.

வெளியே வந்தவன் என்னைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னான். "இறுக்காதல. இறுக்குனா நின்னுரும்."

வேலை எனக்குக் கிடைத்தது.

இப்போது தினமும் அந்த ஸ்விட்ச் என் கையில்தான். புதுசாக வருகிறவர்கள் பத்து நிமிஷத்தில் பழகிவிடுகிறார்கள். பத்தே நிமிஷம். அதைத்தான் நாலு வருஷம் பூட்டி வைத்தார்கள். அந்தோணி ஹார்பரில் கான்ட்ராக்டில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிறான். அவன் அப்பா இன்னும் கடலில் இறங்குகிறார். சில மத்தியானம் ஷாப் ஃப்ளோரில் வெல்டிங் வெளிச்சம் நீலமாகச் சுவரில் ஆடும்போது, என் விரல் தானாகத் தளர்ந்துவிடுகிறது... ரோபோ நின்றுவிடும்.

போன வாரம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஹெச்.ஓ.டி. சார் அட்மிஷன் போஸ்டர் போட்டார். நடுவில் அதே ரோபோ. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டோடு, மாலையோடு. கீழே அதே நீலக் கவர், மடித்து வைத்தபடி.

நான் எழுதினேன். "சார், அந்தக் கவரைக் கிழிச்சுப் போடுங்க. பென்டன்டை இப்பப் படிக்கிற பிள்ளைகள் கையில குடுங்க. என்னைக்குக் குடுப்பீங்கன்னு இங்கயே சொல்லுங்க."

சார் படித்துவிட்டார். மெசேஜ் இன்ஃபோவில் அவர் பெயருக்கு ப்ளூ டிக் விழுந்தது. அதற்கு அடுத்து யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து போட்டிருக்கிறார்கள். அதற்குச் சார் கைகூப்பும் எமோஜி போட்டிருக்கிறார்.