உள்ளே இருந்தது என் மகள்தான்

என் மகள் தன் தம்பியை வாய்க்காலில் பிடித்துத் தள்ளினாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்கு மூன்று கூட ஆகவில்லை. ஆடி மாதம், மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே குதித்தேன். மதகுக்குப் பக்கத்தில் அவன் சட்டை கையில் சிக்கியது. கரையில் இழுத்துப்போட்டு முதுகில் தட்டினேன். அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், யாழினி கரையில் நின்று எங்கள் மேல் கல் எறிந்துகொண்டிருந்தாள்.

"சாவட்டும்! அவன் சாவட்டும்!"

ஒரு கல் என் புருவத்தைக் கிழித்தது.

அம்மனை நம்பும் என் அக்கா தங்கைகளே, பெற்ற பிள்ளையைக் கண்டு பயந்தேன் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். நான் பயந்தேன். அதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் செல்வி. பூதலூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் நெல் விவசாயம். யாழினி எங்கள் மூத்த பெண். தம்பி கவின் பிறந்தபோது அவனை யாரிடமும் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்த பெண் அவள். வாய்க்கால் சம்பவத்துக்கு முந்தின மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது வெட்டிய மரம் போல விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வலிப்பு நோய் என்றார். மாத்திரை கொடுத்தார். அது கேட்கவில்லை என்று வைகாசியில் வேறு மாத்திரைக்கு மாற்றினார். வலிப்பு குறைந்தது. அம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன்.

ஆனால் வலிப்பு குறையக் குறைய யாழினி வேறு ஆளாக மாறினாள். சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடிப்பாள். தலைவாரப் போனால் சீப்பைப் பிடுங்கி என் கையில் குத்துவாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் கழுத்தை நெரித்தாள், நானே போய் அதை விடுவித்தேன். என் தோளில் அவள் கடித்த கடி சீழ் வைத்தது. கோபம் அடங்கினால் மூலையில் உட்கார்ந்து, "என்னாலயே முடியலம்மா" என்று தேம்பித் தேம்பி அழுவாள். அடுத்த நிமிடம் அந்தக் கையாலேயே என் கன்னத்தில் அறைவாள்.

வாய்க்கால் சம்பவத்துக்குப் பிறகு என் கணவரின் அக்கா வசந்தா அண்ணி வந்தார். "இது புள்ளையோட கொணமா செல்வி? காத்து கருப்பு அண்டியிருக்கு. கண்ணப் பாத்தாலே தெரியலயா?" என்றார். எனக்கும் அந்தக் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்தது. கொள்ளிடக் கரையில் பேய் ஓட்டுபவர் ஒருவர் இருக்கிறார் என்று அண்ணி சொன்னார். போனோம்.

முதல் தடவை அந்த ஆள் தாயத்துக் கட்டினார். "மாத்திரை உள்ள போற வரைக்கும் அது வெளிய போகாது" என்றார். என் கணவர் மாத்திரை அட்டைகளை அங்கேயே ஆற்றில் எறியப் போனார். நான் தடுத்தேன். "ஒனக்குப் புள்ள வேணுமா, மாத்திர வேணுமா?" என்று கேட்டார். அவரும் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. பிடித்த கையை விட்டேன். மாத்திரை ஆற்றோடு போனது.

இரண்டாவது தடவை போனது வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். யாழினியைக் கம்பத்தில் கட்டினார்கள். முகத்துக்கு நேரே காய்ந்த மிளகாயைப் போட்டுப் புகைத்தார்கள். இருமி இருமி அவள் கண் பிதுங்கியது. "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று அந்த ஆள் சாட்டையை ஓங்கினார். பாவாடைக்குக் கீழே, அந்தக் குச்சிக் காலில் அடி விழுந்தது.

"யாழினி! எம் பேரு யாழினி!" என்று என் குழந்தை கத்தினாள்.

மறுபடி ஓங்கினார். நான் பாய்ந்து அவள் மேல் விழுந்தேன். அந்த அடி என் கழுத்தில் சுற்றியது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. இரண்டு பேர் என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் கம்பத்தை விடவில்லை. அப்போதுதான் என் கணவருக்கு விழிப்பு வந்தது போலிருந்தது. அந்த ஆளின் மார்பில் எட்டி உதைத்தார். சாட்டையைப் பிடுங்கினார். நாலைந்து பேர் அவர் மேல் விழுந்து மண்டையைப் பிளந்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில், கட்டிய கயிற்றோடு, யாழினிக்கு வலிப்பு வந்தது.

நிற்கவில்லை. ஒன்று முடியும் முன் அடுத்தது. தலை கம்பத்தில் மோதி மோதி எழுந்தது. கயிறு மணிக்கட்டை அறுத்தது. உதடு நீலமாகிப் போனது. வசந்தா அண்ணிதான் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தார். அவர்தான் அழுதுகொண்டே 108-க்கும் போன் போட்டார்.

ஆம்புலன்ஸில் நான் வேண்டினேன். பணிவான வேண்டுதல் இல்லை அது. சண்டைதான் போட்டேன். 'ஆத்தா, உனக்குக் கூழ் ஊத்துனேன், தீ மிதிச்சேன். இதுதான் நீ குடுத்ததா? அடிதான் வேணும்னா என்னை அடி, என்னைக் கொல்லு. ஆனா இத மட்டும் சொல்லு. எம் புள்ளைக்குள்ள இருக்குறது யாரு? நீ சொல்லாம நான் உன்ன விட மாட்டேன்.' பல்லைக் கடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கழுத்து ரத்தம் குழந்தையின் சட்டையில் சொட்டியது.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது. மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். மறுநாள் காலை ஒரு பெண் டாக்டர் வந்தார். குழந்தைகளின் நரம்பு நோய் பார்ப்பவர். யாழினியின் காலில் சாட்டைக் காயத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. நாங்கள் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கேட்டார். வைகாசி என்ற சொல் வந்ததும் நிறுத்தினார்.

"புது மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் இந்தக் கோபமா?"

"ஆமாங்க டாக்டர். அப்ப உள்ள இருக்கறது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்தார். "உள்ள வேற யாரும் இல்லம்மா. உங்க பொண்ணுதான் இருக்கா. வலிப்புக்கு நல்ல மருந்துதான் அது. சில குழந்தைகளுக்கு மட்டும் இப்படி வெறியக் கெளப்பிடும். மாத்திடலாம். ஆனா ஒண்ணு, இனிமே எங்களக் கேக்காம ஒரு மாத்திரையும் நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்துனதாலதான் உயிருக்கே ஆபத்து வந்துச்சு."

நான் ஆம்புலன்ஸில் கேட்ட கேள்வி டாக்டருக்குத் தெரியாது. பதில் வந்தது. அந்த வார்டில், மருந்து வாடைக்கு நடுவில், நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். டாக்டர் காலையா, அம்மனையா என்று எனக்கே தெரியாது.

மாத்திரையைப் படிப்படியாக மாற்றினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். யாழினி கண்ணைத் திறந்து, "தம்பி எங்கம்மா? சாப்டானா?" என்றாள். என் கணவர் தலைக்கட்டோடு வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. புது மருந்தில் கோபம் இல்லை, ஆனால் வலிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் டாக்டர் கீட்டோ உணவைச் சொன்னார். சோறு, இட்லி, சர்க்கரை எதுவும் கூடாது. வெண்ணெய், எண்ணெய், தேங்காய், முட்டை, எல்லாம் எடைபோட்டு. "இதுவும் ஒரு வைத்தியம்தான். இதுலயும் சங்கடம் வரும். வாந்தி, மலச்சிக்கல், சோர்வு வரலாம். கிட்னில கல்லு கூட வரலாம். எதையும் மறைக்காம சொல்லணும்" என்று முன்கூட்டியே சொன்னார்.

நெல் விளையும் ஊரில் பிள்ளைக்குச் சோறு இல்லை. முதல் நாட்களில் குடித்த வெண்ணெயெல்லாம் வாந்தியாக வந்தது. துவண்டு கிடந்தாள். தெளிந்ததும் பசியில் அலறினாள். களத்தில் கொட்டியிருந்த நெல்லை வாயில் அள்ளிப் போட்டு, உமி தொண்டையைக் கீறி, ரத்தமாகத் துப்பினாள். அன்றிலிருந்து அவள் கண்ணெதிரில் யாரும் சோறு தின்பதில்லை என்று என் கணவர் முடிவெடுத்தார். பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை.

பங்குனியில் அடுத்த அடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். "கத்தியால குத்துதும்மா" என்று சுவரை நகத்தால் பிறாண்டினாள். சிறுநீர் சிவப்பாகப் போனது. டாக்டர் சொன்ன கல். எனக்கு வெறி வந்தது. வெண்ணெய்ச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் உடைத்தேன். "இவளுக்குத் தண்டனை போதும் ஆத்தா!" என்று கத்தினேன்.

வசந்தா அண்ணி என் இரண்டு கையையும் பிடித்தார். "தண்டனைன்னு சொல்லாத. டாக்டரம்மா இத மொதல்லயே சொன்னாங்கல்ல? கெளம்பு, நான் தூக்கிக்கிறேன்" என்றார். ஆட்டோவில் வழியெல்லாம் அவர்தான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வாய் வரவில்லை. எனக்காகவும் சேர்த்து அவர் வேண்டினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிறையத் தண்ணீர், வலிக்கு ஊசி, கல் கரைய ஒரு மருந்து. அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தபோது கல் தானாகவே இறங்கிவிட்டது. டாக்டர் உணவின் அளவை மாற்றி எழுதினார். அதன் பிறகு வலிப்பு வரவில்லை. சித்திரை போனது, ஆடி போனது, வரவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மருந்து இன்னும் உண்டு, பரிசோதனை இன்னும் உண்டு. நாளை என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்று தெரியும்.

என் வாழ்க்கை மாறிவிட்டது. முன்பெல்லாம் கேட்டது கிடைக்க வேண்டும் என்று கும்பிடுவேன். இப்போது உண்மையைத் தாங்கும் தெம்பு கொடு என்று கும்பிடுகிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் வலிப்பு வரும் ஒரு பிள்ளையைக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப்போக வேன் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் அண்ணியும் ஓடினோம். வேனுக்கு முன்னால் நின்றோம். அந்தத் தகப்பன் என்னைக் கீழே தள்ளினான். எழுந்து என் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். அந்தத் தாய் பிள்ளையோடு வேனிலிருந்து இறங்கினாள். இன்று அவள் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா தங்கைகளே, அம்மனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே கேளுங்கள். உங்களோடு அவளும் ஓடி வருவாள்.